எளிய ஹைட்ரோகார்பன்கள்: படம் பார்த்துப் பெயரிடவும், பெயர் பார்த்துப் படம் வரையவும்

கரிம வேதியியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களை முதலில் மிரட்டுவது அதன் பெயர்கள்தான். 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன் என்ற பெயரைப் பார்த்தவுடன் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று பலருக்கும் தோன்றும். அது வீண் உழைப்பு. அந்தப் பெயரே ஒரு வரைபடக் குறிப்பு: எத்தனை கார்பன்களை வரிசையாக எழுத வேண்டும், எந்த இடத்தில் எந்தக் கிளையை ஒட்ட வேண்டும், பிணைப்புகள் எவ்வகையானவை என்ற எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து படிப்பது நல்லது. ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் வரைந்து பார்க்காமல் வெறுமனே வாசித்துச் சென்றால் பயன் மிகக் குறைவு.

பெயருக்கு முன் அமைப்பு

ஹைட்ரோகார்பன் என்பது கார்பன், ஹைட்ரஜன் ஆகிய இரண்டு தனிமங்களை மட்டுமே கொண்ட சேர்மம். நினைவில் நிறுத்த வேண்டிய விதியும் ஒன்றே: ஒவ்வொரு கார்பனும் நான்கு பிணைப்புகளை உருவாக்கும், ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு பிணைப்பை மட்டுமே உருவாக்கும். வரைந்த படத்தில் எந்தக் கார்பனுக்காவது ஐந்து கோடுகள் இருந்தாலோ மூன்றோடு நின்றுவிட்டாலோ, பெயரைப் பற்றி யோசிப்பதற்கு முன் படத்தைத் திருத்த வேண்டும்.

இரண்டு கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு என மூன்று வகை இருக்கலாம். பிணைப்பு கூடக்கூட அணுக்கள் நெருங்கி வருகின்றன: ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 154 பைக்கோமீட்டர் (ஒரு பைக்கோமீட்டர் என்பது மீட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு), இரட்டைப் பிணைப்பு 134, முப்பிணைப்பு 120. ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்டவை அல்கேன்கள். இவையே நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள். இரட்டைப் பிணைப்பு உள்ளவை அல்கீன்கள், முப்பிணைப்பு உள்ளவை அல்கைன்கள், இவ்விரண்டும் நிறைவுறாதவை.

ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையைக் கணக்கிட எளிய வழி உண்டு. வளையம் இல்லாத அல்கேனில், கார்பன்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை வரும். ஓர் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதிலிருந்து இரண்டு குறையும். ஒரு முப்பிணைப்பு இருந்தால் நான்கு குறையும். சங்கிலி தன் முனைகளை இணைத்து வளையமானாலும் இரண்டு குறையும். இந்தக் கணக்கு பிறகு விடைகளைச் சரிபார்க்க உதவும்.

இன்னொரு செய்தியையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கார்பனின் நான்கு ஒற்றைப் பிணைப்புகள் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி, ஏறத்தாழ 109.5 பாகைக் கோணத்தில் விரிந்திருக்கின்றன. வாண்ட் ஹாஃப், லே பெல் ஆகிய இருவரும் 1874-ல் தனித்தனியே முன்வைத்த கருத்து இது. தாளில் நாம் வரையும் நேர்கோடும் செங்கோணமும் நமது வசதிக்காக மட்டுமே. சங்கிலியைக் கிடையாக வரைந்தாலும், நடுவில் மடக்கிக் கீழ்நோக்கி வரைந்தாலும், எது எதோடு இணைந்திருக்கிறது என்பது மாறாதவரை மூலக்கூறு ஒன்றே. பெயரிடுவதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன என்பது என் கருத்து. விதிகள் தெரியாததால் வரும் பிழைகள் அந்த அளவுக்கு இல்லை.

பெயரின் உறுப்புகள்

முதல் பத்து அல்கேன்களின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்: மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன், பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன், ஆக்டேன், நோனேன், டெக்கேன். ஐந்திலிருந்து பத்து வரை உள்ளவை எண்ணுப்பெயர்களிலிருந்து வந்தவை என்பதால் எளிதில் மனத்தில் நிற்கும். முதல் நான்கு அப்படியல்ல. அவற்றுக்குப் பழக்கம் ஒன்றே வழி.

பெயரின் முன்பகுதி கார்பன்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது, ஈறு பிணைப்பின் வகையைச் சொல்கிறது. ஏன் என்று முடிந்தால் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு. ஈன் என்று முடிந்தால் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஐன் என்று முடிந்தால் முப்பிணைப்பு உண்டு. ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் ஆகிய மூன்றிலும் கார்பன்கள் இரண்டே. ஹைட்ரஜன்கள் முறையே ஆறு, நான்கு, இரண்டு. ஈற்று உயிரை மாற்றிப் பிணைப்பைக் காட்டும் இந்த யோசனை 1866-ல் ஹாஃப்மன் முன்வைத்தது. 1892-ல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள் பன்னாட்டு விதிகளை வகுத்தார்கள். 1919-ல் தோன்றிய ஐ.யு.பி.ஏ.சி. என்ற பன்னாட்டு அமைப்பு அந்தப் பணியை இன்றுவரை தொடர்கிறது.

அல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை நீக்கினால் கிடைப்பது ஆல்கைல் தொகுதி. அதுதான் சங்கிலியில் கிளையாக ஒட்டும். பெயரில் ஏன் என்ற ஈற்றை எடுத்துவிட்டு இல் சேர்த்தால் போதும்: ஒரு கார்பன் கிளை மெத்தில், இரண்டு கார்பன் கிளை எத்தில், மூன்று கார்பன் கிளை புரோப்பில். ஒரே கிளை இரண்டு முறை வந்தால் டை, மூன்று முறை வந்தால் ட்ரை, நான்கு முறை வந்தால் டெட்ரா என்று முன்னால் சேர்க்க வேண்டும்.

முதல் படி: மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடித்தல்

இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்படக் கூடாது. பின்வரும் அமைப்பை வரைந்துகொள்ளுங்கள். ஐந்து கார்பன்களை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் எழுதுங்கள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது கார்பனுக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கார்பன்களைத் தொங்கவிடுங்கள். நான்காவது கார்பனுக்கு மேலே ஒரு கார்பனை வையுங்கள். மொத்தம் எட்டுக் கார்பன்கள்.

புதிதாகப் படிப்பவர்களில் பலர் இதைப் பார்த்தவுடன் 2-எத்தில்-4-மெத்தில்பென்டேன் என்று எழுதிவிடுவார்கள், ஏனெனில் கிடைக்கோட்டில் ஐந்து கார்பன்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. இப்போது பென்சில் முனையைத் தொங்கும் கிளையின் அடியில் வைத்து, மேலே ஏறி, கிடைவரிசையை அடைந்ததும் வலப்பக்கம் திரும்பிக் கடைசிவரை எண்ணிப் பாருங்கள். ஆறு கார்பன்கள் கிடைக்கும். ஆகவே முதன்மைச் சங்கிலி ஹெக்சேன். கிளை என்று நினைத்த இரண்டு கார்பன்களும் சங்கிலியின் பகுதியாகிவிட்டன. சங்கிலியின் தொடக்கம் என்று நினைத்த இடக்கோடிக் கார்பன் வெறும் மெத்தில் கிளையாகிவிட்டது. வலப்பக்க முனையிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது கார்பன்களில் மெத்தில்கள் உள்ளன. சரியான பெயர் 2,4-டைமெத்தில்ஹெக்சேன். கிளைகளையும் சேர்த்து எண்ணினால் அதே எட்டுக் கார்பன்கள் வருவதைக் காணலாம்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள எச்சரிக்கை கிடைக்கிறது. திறந்த சங்கிலி அல்கேன் ஒன்றின் பெயரில் 1-மெத்தில் என்றோ 2-எத்தில் என்றோ 3-புரோப்பில் என்றோ வந்தால், அந்தப் பெயர் தவறு. முனைக் கார்பனில் ஒட்டிய மெத்தில் சங்கிலியை நீட்டிவிடும். இரண்டாம் இடத்து எத்திலும், மூன்றாம் இடத்தில் தன் முனையால் ஒட்டிய புரோப்பிலும் அப்படியே. தேர்வில் விடையை முடித்தபின் இந்த ஒரு சோதனையைச் செய்வதற்குச் சில நொடிகளே ஆகும்.

ஒரே நீளத்தில் இரண்டு சங்கிலிகள் கிடைத்தால், எதில் கிளைகள் அதிகமோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கார்பனில் இரண்டு எத்தில்களும், நடுக்கார்பனால் ஒட்டிய மூன்று கார்பன் கிளை ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு எத்தில்கள் வழியாகச் சென்றாலும் ஐந்து. ஓர் எத்திலிலிருந்து மூன்று கார்பன் கிளைக்குள் சென்றாலும் ஐந்து. முதல் வழியில் சிக்கலான கிளை ஒன்று மட்டும் மிஞ்சும். இரண்டாம் வழியில் எளிய கிளைகள் இரண்டு மிஞ்சும். எனவே பெயர் 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன். விதியைப் பின்பற்றினால் பெயரும் எளிமையாகிவிடுகிறது.

இரண்டாம் படி: எண்ணிடுதல்

சங்கிலியை எந்த முனையிலிருந்து எண்ணுவது? கிளைகளுக்குச் சிறிய இட எண்கள் கிடைக்கும் முனையிலிருந்து. ஒரு கிளை மட்டும் இருந்தால் இதில் குழப்பமே இல்லை. பல கிளைகள் இருக்கும்போது, இட எண்களைக் கூட்டி எந்தக் கூட்டுத்தொகை சிறியதோ அதை எடுப்பது என்ற ஒரு குறுக்குவழி மாணவர்களிடையே உலவுகிறது. பல இடங்களில் அது சரியான விடையைத் தந்துவிடுவதுதான் அதன் ஆபத்து.

பத்துக் கார்பன் சங்கிலி ஒன்றில் ஒருபுறமிருந்து எண்ணினால் 2, 7, 8 ஆகிய இடங்களில் மெத்தில்கள் உள்ளன; மறுபுறமிருந்து எண்ணினால் அவையே 3, 4, 9. கூட்டுத்தொகைகள் 17, 16. கூட்டுத்தொகையை நம்பினால் இரண்டாவதை எடுப்போம், அது தவறு. இரண்டு வரிசைகளையும் ஏறுவரிசையில் எழுதி, முதல் எண்ணை முதல் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவை சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். இங்கே முதல் எண்ணிலேயே 2 சிறியது. ஆகவே 2,7,8-ட்ரைமெத்தில்டெக்கேன்.

எல்லா எண்களும் இருபுறமும் சமமாகவே வந்துவிட்டால், அகரவரிசையில் முதலில் வரும் கிளைக்குச் சிறிய எண் போகும்.

மூன்றாம் படி: பெயரை எழுதுதல்

கிளைகளின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் எழுதுவது பன்னாட்டு மரபு. தமிழில் எழுதும்போதும் அதையே பின்பற்றுகிறோம். இதில் தமிழ்வழியில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பியூட்டில், புரோப்பில் ஆகிய இரண்டும் நம் எழுத்தில் பகரத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் ஆங்கில வரிசையில் ஒன்று தொடக்கத்திலும் மற்றொன்று கடைசியிலும் நிற்கும். பியூட்டில், எத்தில், மெத்தில், புரோப்பில் என்ற வரிசையை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

டை, ட்ரை போன்ற எண்ணிக்கை முன்னொட்டுகளை அகரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை. 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன் என்ற பெயரில் எத்தில் முதலில் வருவதற்குக் காரணம் இதுதான். ஒரே கார்பனில் இரண்டு மெத்தில்கள் இருந்தால் எண்ணை இருமுறை எழுத வேண்டும் என்பதையும் இந்தப் பெயரிலேயே காணலாம். எண்ணுக்கும் எண்ணுக்கும் இடையே காற்புள்ளி, எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே சிறுகோடு. கடைசிக் கிளையின் பெயரும் சங்கிலியின் பெயரும் இடைவெளியின்றி ஒட்டியே வரும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். ஒரே மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குப் பல அமைப்புகள் இருக்க முடியும் என்பதால்தான். அவற்றை மாற்றியங்கள் என்கிறோம். பியூட்டேனின் வாய்ப்பாட்டுக்கு இரண்டு அமைப்புகள், பென்டேனுக்கு மூன்று, ஹெக்சேனுக்கு ஐந்து, ஹெப்டேனுக்கு ஒன்பது, ஆக்டேனுக்கு 18, டெக்கேனுக்கு 75. அவற்றின் பண்புகளும் வேறுபடுகின்றன. பென்டேன் சுமார் 36 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. 2-மெத்தில்பியூட்டேன் 28 பாகையிலும், 2,2-டைமெத்தில்புரோப்பேன் 10 பாகைக்குச் சற்றுக் கீழேயும் கொதிக்கின்றன. கிளைகள் கூடும்போது மூலக்கூறு உருண்டையாகிறது, பக்கத்து மூலக்கூறுகளோடு தொடும் பரப்பு சுருங்குகிறது, ஈர்ப்பு விசை தளர்கிறது.

பெட்ரோலின் ஆக்டேன் எண் இதற்கு நல்ல சான்று. இயந்திரத்தில் தட்டல் ஒலி எழாமல் எரியும் திறனை அளக்க, ஹெப்டேனுக்குச் சுழி என்றும் ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும் மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆக்டேனின் பதினெட்டு அமைப்புகளில் அந்த ஐசோ-ஆக்டேன் எது என்பதை அந்த வழக்குப் பெயர் சொல்வதில்லை. 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேன் என்ற முறைப்பெயர் சொல்கிறது. மொத்தத்தில் எட்டுக் கார்பன்கள் இருந்தும் பெயர் பென்டேன் என்று முடிவதைக் கவனியுங்கள்; சங்கிலியில் ஐந்து, கிளைகளில் மூன்று. ஐசோபியூட்டேன், நியோபென்டேன் போன்ற வழக்குப் பெயர்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதுதான், ஆனால் பெரிய மூலக்கூறுகளுக்கு அவை உதவா.

இரட்டை, முப்பிணைப்புகள் வரும்போது

அல்கீன், அல்கைன்களில் முன்னுரிமை கிளைக்கு இல்லை, பிணைப்புக்குத்தான். இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண் கிடைக்கும் முனையிலிருந்தே எண்ண வேண்டும். கிளைக்குப் பெரிய எண் வந்தாலும் பரவாயில்லை. பிணைப்பு இரண்டு கார்பன்களைத் தொடுவதால், அவற்றுள் சிறிய எண்ணை மட்டும் எழுதினால் போதும். பியூட்-1-ஈன் என்றால் முதல், இரண்டாம் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு. பியூட்-2-ஈன் என்றால் இரண்டாம், மூன்றாம் கார்பன்களுக்கு இடையே. பழைய நூல்களில் இதை 2-பியூட்டீன் என்று எழுதியிருப்பார்கள். எண்ணை ஈற்றின் பக்கத்தில் வைப்பது 1993-ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் பியூட்டா-1,3-டையீன் என்பதைப் போல எழுத வேண்டும்.

இரண்டு வகைப் பிணைப்புகளும் ஒரே சங்கிலியில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சிறிய எண் வரிசையைத் தேட வேண்டும்: பென்ட்-3-ஈன்-1-ஐன் சரி. இருபுறமும் சமமானால் இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண்: பென்ட்-1-ஈன்-4-ஐன்.

சங்கிலியைத் தேர்ந்தெடுப்பதில் இங்கே ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும், இரட்டைப் பிணைப்பைத் தன்னுள் கொண்ட சங்கிலிகளில் மிக நீளமானதையே முதன்மைச் சங்கிலியாகக் கொள்ளச் சொல்கின்றன. 2013-ஆம் ஆண்டின் ஐ.யு.பி.ஏ.சி. பரிந்துரையோ, இரட்டைப் பிணைப்பு உள்ளே வருகிறதோ இல்லையோ, நீளத்துக்கே முதலிடம் தருகிறது. ஒரு கார்பனில் இரண்டு எத்தில்களும், இரட்டைப் பிணைப்பால் இணைந்த இன்னொரு கார்பனும் இருக்கும் மூலக்கூறு பழைய முறையில் 2-எத்தில்பியூட்-1-ஈன். புதிய முறையில் 3-மெத்திலிடீன்பென்டேன்; சங்கிலியோடு இரட்டைப் பிணைப்பால் ஒட்டிய ஒரு கார்பன் கிளைதான் மெத்திலிடீன். தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுத வேண்டும். இரண்டையும் கலப்பதுதான் குழப்பத்தில் முடியும்.

ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிக் கார்பன்கள் சுழல முடியும், இரட்டைப் பிணைப்பைச் சுற்றி முடியாது. அதனால் பியூட்-2-ஈனில் இரண்டு முனை மெத்தில்களும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ட்ரான்ஸ் என இரு தனிச் சேர்மங்கள் உண்டாகின்றன. இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால்தான் இந்த வேறுபாடு எழும். பியூட்-1-ஈனின் முனைக் கார்பனில் இருப்பவை இரண்டும் ஹைட்ரஜன்கள். ஆகவே அதற்குச் சிஸ், ட்ரான்ஸ் கிடையாது.

வளையங்களும் பென்சீனும்

சங்கிலி வளையமானால் பெயருக்கு முன் சைக்ளோ சேரும்: சைக்ளோபுரோப்பேன், சைக்ளோஹெக்சேன். வளையத்துக்கு முனை இல்லை என்பதால் ஒரே ஒரு கிளைக்கு எண் தேவையில்லை. மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்றாலே போதும். இரண்டு கிளைகள் இருந்தால் ஒன்றை 1 என்று வைத்து, மற்றதற்கு அருகிலுள்ள வழியாக எண்ண வேண்டும். எதை 1 என்பது என்ற ஐயம் வந்தால் அகரவரிசை தீர்த்துவைக்கும்: 1-எத்தில்-3-மெத்தில்சைக்ளோஹெக்சேன். வளையத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் இரு கார்பன்களும் 1, 2 ஆகிவிடும், எண்ணிடும் திசை மட்டும் கிளையைப் பொறுத்தது. இரட்டைப் பிணைப்பை ஒட்டிய கார்பனில் மெத்தில் இருந்தால் அது 3-மெத்தில்சைக்ளோஹெக்சீன். 6-மெத்தில் என்று எழுதினால் திசை தவறிவிட்டது என்று பொருள்.

ஃபாரடே 1825-ல் பிரித்தெடுத்த பென்சீனுக்கு, 1865-ல் கெக்குலே ஆறு கார்பன் வளைய அமைப்பை முன்வைத்தார். ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகளை வரைந்தாலும், அதன் ஆறு பிணைப்புகளும் சுமார் 139 பைக்கோமீட்டர் என ஒரே நீளத்தில், ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்டதாக இருக்கின்றன. எனவே அதற்கு ஈன் ஈற்றுக் கணக்குகள் பொருந்தா. பென்சீன் என்ற பெயரையே அடிப்படையாகக் கொண்டு கிளைகளைச் சேர்க்கிறோம். மெத்தில்பென்சீனின் வழக்குப் பெயர் டொலுவீன். இரண்டு மெத்தில்கள் சேர்ந்தால் 1,2-, 1,3-, 1,4-டைமெத்தில்பென்சீன் என மூன்று மாற்றியங்கள். இவற்றின் இடங்களை முறையே ஆர்த்தோ, மெட்டா, பாரா என்றும் சொல்வார்கள்.

பயிற்சி

முதலில் ஹெக்சேனின் ஐந்து அமைப்புகளையும் விடையைப் பார்க்காமல் வரைந்து பெயரிடுங்கள். ஹெக்சேன், 2-மெத்தில்பென்டேன், 3-மெத்தில்பென்டேன், 2,2-டைமெத்தில்பியூட்டேன், 2,3-டைமெத்தில்பியூட்டேன் ஆகியவை மட்டுமே வர வேண்டும். ஆறாவதாக ஒன்று கிடைத்தால், அதற்குப் பெயரிட்டுப் பாருங்கள். மேற்கண்ட ஐந்தில் ஒன்றாகவே அது மாறிவிடும்.

அடுத்து, 2-எத்தில்-3-மெத்தில்பியூட்டேன் என்ற தவறான பெயரை எடுத்துக்கொண்டு, அதை அப்படியே வரைந்து, சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள். இரண்டாம் இடத்து எத்தில் சங்கிலியை ஐந்தாக நீட்டிவிடுவதால் விடை 2,3-டைமெத்தில்பென்டேன்.

சற்றுக் கடினமானது மூன்றாவது: நான்கு கார்பன்களும் எட்டு ஹைட்ரஜன்களும் கொண்ட எல்லாச் சேர்மங்களையும் எழுத வேண்டும். அல்கேனுக்குப் பத்து ஹைட்ரஜன்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குறைகின்றன என்பதால், ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருந்தாக வேண்டும். பியூட்-1-ஈன், சிஸ்-பியூட்-2-ஈன், ட்ரான்ஸ்-பியூட்-2-ஈன், 2-மெத்தில்புரோப்பீன் ஆகிய நான்கும் பெரும்பாலோருக்குக் கிடைத்துவிடும். விட்டுப்போவது வளையங்கள்: சைக்ளோபியூட்டேனும் மெத்தில்சைக்ளோபுரோப்பேனும்.